ஜன்னலுக்கு வராத கைமாற்று

ஜன்னலக்காவின் புருஷன் வேலை நாளில் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. காய்ச்சல் அடித்தாலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பணிமனைக்குப் போய்விடுகிற ஆள். இப்போது பட்டப்பகலில் வாசலில் ஸ்டூலைப் போட்டு, ஓடாத மின்விசிறி ஒன்றைப் பிரித்துக் காகிதத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகிறவர்கள் "என்ன, லீவா?" என்று கேட்டால் "ஆமா, லீவு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் தினமும் நேரத்துக்கு முன்பே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. பஸ்ஸும் லாரியும் பழுது பார்க்கிற பெரிய பணிமனை. அவன் ஃபிட்டர். அவள் டூல் ரூம். டூல் ரூம் என்றால் கம்பி வலை அடித்த ஒரு நீள அறை, உள்ளே தட்டுத் தட்டாக ஸ்பேனர், சாக்கெட், புல்லர், ஜாக்கி. வலையில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்குத்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் ஜன்னலக்கா.

சும்மா கிடைத்த ஜன்னல் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்தபோது அவளைப் பின்கட்டில் மண்ணெண்ணெய்த் தொட்டியில் உதிரிபாகம் கழுவத்தான் போட்டார்கள். கை தோல் உரிந்து, சோற்றைப் பிசைந்தால் எரியும். அங்கிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி வந்த இடம் இந்த ஜன்னல். அதை விட்டுக் கொடுக்க அவளுக்கு உயிரே போனாலும் மனசு வராது. இந்தக் கதையில் அவள் செய்த எல்லாக் காரியத்துக்கும் காரணம் இந்த ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டால் அவள் செய்தது சரியாகிவிடாது, இருந்தாலும் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் பித்தளை டோக்கன்தான். ஆளுக்கு ஒரு கொத்து. சாமான் வேண்டும் என்றால் டோக்கனைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும். சாமான் இருந்த ஆணியில் டோக்கன் தொங்கும். ஆனால் ஜன்னலைத் தாண்டிய பிறகு அந்தச் சாமான் யார் கையில் இருக்கும் என்பது வேறு கதை. பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன், பக்கத்தில் இருப்பவனிடம் "கொஞ்சம் குடு" என்று கையை நீட்டுவான். அவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போகும். இதற்குக் கைமாத்து என்று பெயர். ஒவ்வொரு தடவையும் எண்ணெய்க் கையோடு எழுந்து ஜன்னலுக்கு நடந்தால் அன்றைக்கு ஒரு பஸ்கூட வெளியே போகாது. சாயங்காலம் ஏதாவது குறைந்தால் அவள் ஜன்னலில் நின்று ஒரு சத்தம் போடுவாள். அத்தனை பேரும் குனிந்து தேடுவார்கள். சாமான் கிடைத்துவிடும். யார் டோக்கன் தொங்குகிறது என்று யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அதிகமாகத் தொங்கியது அவள் புருஷன் டோக்கன்தான். டோக்கன் தீர்ந்துபோனவன், புதுசாக வந்தவன், ஜன்னலக்காவின் வாய்க்குப் பயந்தவன் எல்லாரும் அவனிடம்தான் போவார்கள். அவனும் தன் டோக்கனில் எடுத்துக் கொடுப்பான். பணிமனையில் அவனுக்குத் தாராளம் என்று பட்டப்பெயர். வீட்டில் அவள் இதற்காக அவனைத் திட்டாத நாள் குறைவு.

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் உங்க டோக்கன்தான் கெடச்சுதா?"

"அவன் அவசரத்துக்குக் கேக்கறான். இல்லேன்னு சொல்லச் சொல்றியா?"

"சொன்னா வாய் வலிக்குமா?"

"எனக்கு வலிக்கும்" என்பான். அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பார்கோடு வந்தது. மேலிடத்தில் யாரோ முடிவு செய்தார்கள்: எல்லாச் சாமானுக்கும் கோடு ஒட்ட வேண்டும், ஆளுக்கு ஒரு கார்டு, ஸ்கேனரால் இதையும் அதையும் படித்தால் கணக்கு கம்ப்யூட்டரில் தானாக ஏறிவிடும். எந்த ஸ்கேனர் என்று பார்க்கிற பொறுப்பு மேனேஜர் தலையில் விழுந்தது. அவர் இறங்கி வந்து ஜன்னலில் நின்று, "தினமும் கையாளப் போறவ நீ. நீயே பார்த்துச் சொல்லும்மா" என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதையும் நீயே பார்த்து எடு என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு உடுத்திய துணிகூட நாத்தனார் எடுத்ததுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உலை வைத்த கையோடு புருஷனை உட்கார வைத்து ஸ்கேனர் புராணம் பாடினாள். அவனும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்கேனர் விற்கிறவன் மூன்று மாதிரி கொண்டு வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, வார்த்தைக்கு வார்த்தை அக்கா போட்டுப் பேசுகிற வாய். முதலாவது மலிவு. வெள்ளைக் காகிதத்தில் அச்சடித்த கோட்டைக் கண் மூடித் திறப்பதற்குள் படித்தது. அவள் ஒரு ரிங் ஸ்பேனரில் லேபிளை ஒட்டி, கிரீஸ் டப்பாவில் முக்கி, பனியன் துணியால் அரைகுறையாகத் துடைத்து நீட்டினாள். ஸ்கேனர் வாயே திறக்கவில்லை.

"இங்க சாமான் இப்படித்தான் வரும் தம்பி. குளிச்சிட்டு வராது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது கம்பி போட்டது, ஜன்னலிலேயே பொருத்தி வைப்பது. உலோகத் தகட்டில் பொறித்த சதுரப் பார்கோடைக்கூடப் படித்தது. கிரீஸ், கீறல், மங்கல் எதற்கும் அசரவில்லை. காகித லேபிள் மண்ணெண்ணெயில் ஒரு நாள் தாங்காது, தகடுதான் சரி என்று அவளே சொன்னாள். மேனேஜர் வாய்விட்டுப் பாராட்டினார்.

மூன்றாவதில் கம்பியே கிடையாது. கையில் எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதிலேயே சின்னதாக ஒரு திரை. விற்கிறவன் செய்து காட்டினான். "அக்கா, சாமான் ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு அங்கேயே மாறுதுன்னு வைங்க. சாமானப் படிக்கணும், அவர் கார்டு, இவர் கார்டு. அவ்வளவுதான், பேரு மாறிடும். ஆனா இதோட ஒரு ஆள் உள்ள நடந்துக்கிட்டே இருக்கணும்."

"அப்படின்னா ஆபீஸ்லேருந்து படிச்ச ஆள் ஒருத்தரப் போடச் சொல்லணும்" என்று மேனேஜர் தாடையைத் தடவினார். "போட்டா ஜன்னலையும் அவரே பார்த்துக்கலாம். ரெண்டு பேர் எதுக்கு?" பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்: "உள்ள அப்படிச் சாமான் கைமாறுதா என்ன?"

மாடியில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குக் கீழே நடப்பது தெரியாது. மண்ணெண்ணெய்த் தொட்டி ஒரு நொடி அவள் கண்ணில் வந்து போனது.

"இல்ல சார்" என்றாள். "என் ஜன்னலுக்கு வராம ஒரு ஸ்க்ரூகூட நகராது."

வரிசையில் யாரோ இருமினார்கள். மேனேஜர் இரண்டாவது மாதிரியையே எழுதி அனுப்பினார்.

கோடு வந்தாலும் கைமாத்து நிற்கவில்லை. பழகிய கை நீளத்தானே செய்யும். ஆனால் தேடுவது நின்றுபோனது. இதை அவள்கூட எதிர்பார்க்கவில்லை. முன்பு ஒரு சத்தம் போட்டால் அத்தனை பேரும் குனிந்தவர்கள், இப்போது "ஸ்க்ரீன்ல யார் பேரு இருக்கோ அவங்களக் கேளுங்கக்கா" என்று கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். மிஷின்தான் யார் என்று சொல்லிவிடுகிறதே, அப்புறம் மற்றவனுக்கு என்ன கவலை. சாயங்காலம் திரும்பாத சாமான் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு மாடியில் மேனேஜர் மேஜையிலும் தெரியும். அநேகமாக அது தாராளத்தின் பெயராகத்தான் இருக்கும். அவள் வெளியே ஓடி, ஒவ்வொருவனாகப் பிடித்துத் திட்டி, சாமானைப் பிடுங்கி வந்து படித்து, சிவப்பை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். இப்படியே பூசி மெழுகிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

அப்புறம் டார்க் ரென்ச் காணாமல் போனது. இன்ஜின் போல்ட்டை இத்தனை இறுக்கம்தான் என்று அளந்து முடுக்குகிற பெரிய ரென்ச். பணிமனைக்கே அந்த அளவில் அது ஒன்றுதான். காலையில் தாராளம் தன் கார்டில் எடுத்தான். சாயங்காலம் அது எங்கேயும் இல்லை. அவள் தேடினாள், அவனும் தேடினான், வேறு யாரும் தேடவில்லை. மறுநாள் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார்.

"யார்கிட்ட குடுத்தீங்க?"

"நான்தான் எடுத்தேன் சார். எங்கயோ விட்டுட்டேன்."

"கைமாத்துன்னு யாரோ சொல்றாங்க. அப்படி உண்டா?"

அவன் பதில் சொல்லவில்லையாம். விசாரணை முடிகிற வரைக்கும் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் ஃபிட்டர்களுக்கு மேலே இருக்கிற சார்ஜ்மேன் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் தாராளத்துக்குத்தான் என்று பணிமனை முழுக்கப் பேச்சு. இப்போது அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

மாடியேறி அவள் சொன்னால் தீர்ந்துவிடும். ஒரு வார்த்தை போதும். கைமாத்து உண்டு சார், எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்தேதான் இல்லை என்றேன். அதைச் சொன்னால் ரென்ச் தொலைந்தது அவன் ஒருவன் குற்றம் இல்லை என்று ஆகிவிடும். சொன்னால் ஜன்னல் போகும். ஒவ்வொரு நாள் காலையிலும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று கிளம்புவாள். மாடிப்படி வரைக்கும் போவாள். அங்கிருந்து திரும்பி வந்து ஜன்னலைத் திறப்பாள்.

ஒரு நாள் ஒட்டடைக்குச்சி வந்தான். வெல்டிங் பிரிவில் தற்காலிக ஆள். உயரம் தவிர உடம்பில் வேறொன்றும் இல்லாததால் அந்தப் பெயர். ஒன்றும் கேட்காமல் ஜன்னல் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா வேணும்?"

"அண்ணன் எப்பக்கா வருவாரு?"

"தெரியல."

"அண்ணன் எம்பேரச் சொல்லலயாமே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மடமடவென்று சொன்னான். "எங்கிட்டதான் குடுத்தாருக்கா. நான் ரிப்பேர் வேன்ல போனவங்ககிட்ட குடுத்தேன். அவங்க ரோட்டுல வேலை பார்த்துட்டு அங்கயே விட்டுட்டாங்க போல. கேட்டா வாங்கவே இல்லங்கறாங்க. நான் தற்காலிகம்க்கா. பேரு வந்தா அன்னைக்கே வெளிய. சின்னக் குழந்தைங்க ரெண்டு இருக்கு. நான் வந்து சொல்லிடட்டுமா? நீங்க சொல்லுன்னா சொல்லிடறேன்."

சொல்லு என்று சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நிரந்தர வேலையில் இருந்துகொண்டு, ஜன்னலைக் கட்டிக்கொண்டு அழுகிறவள், தற்காலிகக்காரனைப் போய் மாட்டிக்கொள்ளச் சொல்வதா? அவனைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"போய் வேலையப் பாருடா. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அவன் கும்பிடாத குறையாகப் போனான். அந்த நன்றியும் அவள் தலையில்தான் ஏறி உட்கார்ந்தது.

அன்றைக்கு மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் நாத்தனார் வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். அண்ணன் மேல் உயிர், வாய் மட்டும் கத்தரிக்கோல். அடுப்படியில் அண்ணிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் அடுத்தவன் ஆணி ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருப்பாரா?"

"இல்ல."

"அப்ப எப்படி அவர் தலையில கட்டறாங்க?"

"மிஷின்ல அவர் பேருதான் இருக்கு."

"மிஷினாம் மிஷின். இத்தனை நாள் மிஷினா வச்சு நடத்தினாங்க? எவன் அண்ணி அதப் பார்த்து எடுத்தான்? அவன் நல்லா இருப்பானா?"

அண்ணி பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேனர் வந்த புதிதில் தான் தேர்ந்தெடுத்த கதையைத் தெரு முழுக்கச் சொன்னவள், நாத்தனாரிடம் மட்டும் எப்படியோ சொல்லாமல் விட்டிருந்தாள். இப்போது அது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"எங்க கடையிலயும் ஒண்ணு வாங்கினேன் அண்ணி, பட்டன் வைக்கற மிஷின். ஒரு வாரம் அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுத்தான் வாங்கினேன். வாங்கறவனுக்கு அந்தப் பொறுப்பு வேணாமா? அடுத்தவன் பொழப்பாச்சேன்னு நெனைக்க வேணாமா? நாளைக்கு உங்க ஜன்னல்ல வந்து நிக்கறேன். அவன் யாருன்னு காட்டுங்க. நாலு வார்த்தை நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

வெளியிலிருந்து அவன் குரல் வந்தது. "போதும்டி. வெங்காயத்த உரி."

"உங்களுக்குக் கோவமே வராதா? வாய் பேசாத ஆளாப் பார்த்து ஏறி மிதிக்கறாங்க" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமும் இருந்திருக்கும். அண்ணி கண்ணைத் துடைக்கவில்லை. அழுவதற்கும் ஒரு உரிமை வேண்டும் என்று பட்டது அவளுக்கு.

மறுநாள் மாடிப்படியில் அவள் திரும்பவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு நேரே ஏறினாள். மேனேஜர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர், உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சார், ஸ்கேனர் வாங்கறப்ப நீங்க ஒண்ணு கேட்டீங்க. உள்ள சாமான் கைமாறுதான்னு. நான் இல்லேன்னேன். அது பொய் சார். தினமும் மாறும். அந்த ரென்ச்சும் அப்படித்தான் போச்சு. எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏன்?"

"இன்னொரு ஆள் வந்தா என் ஜன்னல் போயிடும்னு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உன் புருஷன் காலைல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரே. உனக்குத் தெரியாதா?"

"என்ன எழுதி?"

"என் கவனக்குறைவால தொலைஞ்சதுன்னு. நாளைலேருந்து வேலைக்கு வரலாம். சார்ஜ்மேன் இடம்தான் வேற ஆளுக்குப் போட வேண்டியதாப் போச்சு. மேல அனுப்பியாச்சு."

"அத நிறுத்த முடியாதா சார்?"

"நீ நேத்து வந்திருந்தா யோசிச்சிருக்கலாம்மா. இப்ப நான் போய், வாங்கினதே தப்புன்னு சொன்னா, எழுதி அனுப்பினவன் யாருன்னு கேப்பாங்க. நான்தான் எழுதினேன்." ரொட்டியை மறுபடி கையில் எடுத்தார். "நீ சொன்னது என் காதுல விழல. ஜன்னல் உனக்கேதான். போ."

ஜன்னல் அவளுக்கேதான். சாயங்காலம் வரைக்கும் அதன் பின்னால் உட்கார்ந்து, வந்த கார்டையெல்லாம் படித்து, வந்த சாமானையெல்லாம் வாங்கி வைத்தாள். யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் மனசில் ஏறவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவன் சோறு வடித்து, முட்டை பொரித்து மூடி வைத்திருந்தான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குப் போடுவதற்கு வேலைச் சட்டையைத் துவைத்து அதன் காற்றில் காயப் போட்டிருந்தான். அவள் குடையை மடக்காமலே வாசற்படியில் நின்றாள்.

"எழுதிக் குடுத்துட்டீங்களாமே."

"ஆமா. எத்தனை நாள் இப்படியே உக்கார்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவன் தட்டை எடுத்து வைத்தான். இதற்கு மேல் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்கேனர்காரன் காட்டியது, மேனேஜர் கேட்டது, தான் சொன்னது, ஜன்னல் ஆசை, மாடிப்படி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது, கடைசியில் இன்று சொன்னது, அவர் காதில் வாங்காதது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ மேனேஜர்கிட்ட சொன்னப்ப நான் வரிசையிலதான நின்னேன். காதால கேட்டேன்."

குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டுமா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?"

"நான் போய் என் பொண்டாட்டி பொய் சொன்னான்னு சொல்லணுமா?"

"என்கிட்டயாவது கேட்டிருக்கலாம். போய்ச் சொல்லுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேங்க."

"அது தெரியும். நான் சொல்லித்தான் போவியான்னு பார்த்தேன்." அவன் குரல் உயரவே இல்லை. "இன்னைக்குச் சொல்லுவ, இன்னைக்குச் சொல்லுவன்னு தினம் வாசல்ல உக்காந்திருந்தேன். சாயங்காலம் நீ வர்ற நடையப் பார்த்தாலே தெரிஞ்சுடும், சொல்லலன்னு. நேத்து தங்கச்சி அவ்வளவு பேசறா, அப்பவும் நீ பருப்பக் கிண்டிக்கிட்டிருந்த. சரி, இனிமே சொல்ல மாட்டன்னு ஆயிடுச்சு. காலைல போய்க் கையெழுத்தப் போட்டேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கழித்து, "என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க" என்றாள். "அடிச்சாக்கூடப் பரவால்ல. இப்படி இருக்காதீங்க."

அவன் சோற்றைத் தட்டில் போட்டான். அவளுக்கும் ஒரு தட்டில் போட்டுப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

"திட்டினா உனக்குக் கொஞ்சம் லேசாயிடும்" என்றான். "அதுக்கு எனக்கு இன்னும் மனசு வரல. சாப்பிடு, ஆறிடப் போவுது."